கடலோர ஆய்வகத்தில் காமா நிறமாலை: இரைச்சலைக் குறைக்க எதில் செலவிடுவது?

காரங்காட்டு அலையாத்திக் காட்டின் சேற்றை உலர்த்தி, இடித்து, சலித்து, டப்பாவில் அடைத்து, காமா கதிர் பட்டால் ஒளிரும் சோடியம் அயோடைடு படிகத்தைக் கொண்ட டிடெக்டரின் மேல் ஒரு மணி நேரம் வைத்தால், எந்த ஆற்றலில் எத்தனை காமா கதிர் விழுந்தது என்று காட்டும் நிறமாலை திரையில் வரும்; அதில் 609 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கி.எ.வோ.) அருகே, யுரேனியத் தொடரைச் சேர்ந்த பிஸ்மத்-214 இன் உச்சம் எழும். அதன் வலப்பக்கச் சரிவில், 662-ஐ ஒட்டி, ஒரு சிறு மேடும் கண்ணில் படும். அந்த மேடு சீசியம்-137 தானா, இல்லை எண்ணிக்கையின் தடுமாற்றம் காட்டும் மாயமா என்பதுதான் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் சில மாதங்களாக நடந்த வாதம். கையில் இருந்த சிறு தொகையை எதில் போட்டால் இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும் என்று முடிவெடுக்க வேண்டியிருந்ததால், முன்வைக்கப்பட்ட வழிகளை ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். இராமநாதபுரம் கடற்கரையிலும் அதைப் போன்ற உப்புக்காற்று ஊர்களிலும் இத்தகைய சிறிய ஆய்வகம் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கணக்குகள் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பது மூன்று அங்குல விட்டமும் மூன்று அங்குல உயரமும் உள்ள படிகம், காமா கதிர்களை 1,024 சேனல்களில், அதாவது சிறு ஆற்றல் கட்டங்களில், பிரித்து எண்ணும் மல்டிசேனல் அனலைசர், சுற்றிலும் பெயருக்கு ஒரு மெல்லிய ஈய வளையம். ஒரு சேனலுக்கு 3 கி.எ.வோ. என்று அமைத்திருக்கிறோம், தோரியத் தொடரின் தாலியம்-208 வெளியிடும் 2,614 வரை அதில் அடங்கிவிடும். அளக்க வரும் பொருள்கள் மூன்று வகை. முதலாவது கடற்கரை மணல். அதில் யுரேனியத் தொடர், தோரியத் தொடர், பொட்டாசியம்-40 ஆகிய மூன்றின் அளவு வேண்டும். இரண்டாவது மண்டபம் பக்கம் மிதவைகளில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி. ஊரில் அதற்குப் பெயர் பெப்சி பாசி. மூன்றாவதுதான் மேலே சொன்ன சேறு. வளிமண்டலத்தில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்த காலத்தின் சீசியம் உலகெங்கும் படிந்தது; அந்தப் படிவு 1963-ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டது. சேற்றுத் தூணின் எந்த ஆழத்தில் சீசியம் மிகுதியாக இருக்கிறதோ அந்த அடுக்கை 1963 என்று கொண்டு, ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் சேறு படிகிறது என்று கணிக்கலாம். சிக்கல் என்னவென்றால், சீசியத்தின் அரைவாழ்வு 30 ஆண்டுகள். அன்று விழுந்ததில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குகூட இன்று மீந்திருக்காது. வட அரைக்கோளத்தின் நடு அட்சரேகைகளோடு ஒப்பிட்டால் நம் பக்கம் விழுந்ததே குறைவு. அதனால்தான் அந்த மேடு அவ்வளவு சிறியது.

வாதம் குழம்பியதற்குக் காரணம், ஆளுக்கு ஒன்றை 'இரைச்சல்' என்று சொல்லிக்கொண்டிருந்ததுதான். ஒன்று, எண்ணிக்கையின் தடுமாற்றம்: கதிரியக்கச் சிதைவு தற்செயலாக நிகழ்வது என்பதால், ஒரு சேனலில் சராசரியாக 100 எண்ணிக்கை விழவேண்டிய இடத்தில் ஒருமுறை 91 விழும், மறுமுறை 112 விழும், அந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்கு, அதாவது சுமார் 10 அளவுக்கு இருக்கும். இரண்டு, பின்னணி: சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் அறைக்காற்றிலுள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயுவிலிருந்தும் விண்ணிலிருந்தும் வந்து விழும், நமக்கு வேண்டாத எண்ணிக்கை. மூன்று, கருவியின் நகர்வு: வெப்பநிலை மாறும்போது உச்சம் தன் சேனலை விட்டு நகர்ந்து, நீண்ட அளவீட்டில் பரந்து மங்குவது. முன்வைக்கப்பட்ட ஒவ்வொரு யோசனையும் இவற்றில் ஒன்றை மட்டுமே தொட்டது. மற்றவற்றை அப்படியே விட்டது அல்லது மோசமாக்கியது.

செலவே இல்லாததும் மாணவர்களுக்கு மிகவும் பிடித்ததுமான யோசனை, மென்பொருளால் நிறமாலையை மென்மையாக்குவது. சாவிட்ஸ்கியும் கோலேயும் 1964-இல் வெளியிட்ட முறை இன்றும் எல்லா மென்பொருளிலும் ஒரு பொத்தானாக இருக்கிறது. அது என்ன செய்கிறது என்பதை ஒரு சேனலை எடுத்துக் கையாலேயே போட்டுப் பார்த்தோம். அடுத்தடுத்த ஐந்து சேனல்களில் 96, 118, 104, 89, 101 என்று இருக்கிறது. ஐந்து புள்ளி இருபடி வடிகட்டி இவற்றை முறையே −3, 12, 17, 12, −3 ஆகிய எண்களால் பெருக்கி, கூட்டி, 35-ஆல் வகுக்கிறது. கூட்டுத்தொகை 3,661, நடுச் சேனலின் புதிய மதிப்பு 104.6. இந்தப் பெருக்கெண்களின் வர்க்கங்களைக் கூட்டிப் பார்த்தால், ஒரு சேனலின் தடுமாற்றம் 10-இலிருந்து ஏறத்தாழ 7 ஆகக் குறைகிறது. கண்ணுக்கு வளைகோடு சட்டென்று ஒழுங்காகிவிடும்.

ஆனால் அந்த ஐந்து பெருக்கெண்களையும் கூட்டினால் சரியாக 35 வருகிறது. அதாவது, வடிகட்டி எண்ணிக்கையை அக்கம்பக்கத்துச் சேனல்களுக்குப் பிரித்துப் போடுகிறதே தவிர, புதிதாக எதையும் சேர்ப்பதுமில்லை, நீக்குவதுமில்லை. நமக்குத் தேவைப்படுவது உச்சத்தின் பரப்பு, அதாவது பல சேனல்களின் கூட்டுத்தொகை. அது மென்மையாக்கலுக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒன்றே. அதன் தடுமாற்றமும் ஏறக்குறைய ஒன்றே. ஒவ்வொரு சேனலும் 30 விழுக்காடு 'சுத்தமாகி'யிருப்பதாகத் தோன்றினாலும், பக்கத்துச் சேனல்கள் இப்போது ஒன்றையொன்று சார்ந்தவையாகிவிட்டதால் கூட்டும்போது அந்த ஆதாயம் முழுவதும் திரும்பப் போய்விடுகிறது. இதைவிட ஆபத்தானது அடுத்த படி. மென்மையாக்கிய நிறமாலையை எடுத்து அதில் உச்ச வளைவைப் பொருத்தினால், மென்பொருள் ஒவ்வொரு சேனலையும் தனித்தனிச் சான்று என்றே நம்பிக்கொண்டு, பிழை எல்லையை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். 'சீசியம் இருக்கிறது, பிழை மிகக் குறைவு' என்று ஒரு மாணவர் கொண்டுவந்த முதல் முடிவு இப்படித்தான் பிறந்திருந்தது. வெறும் தடுமாற்றத்தை மட்டும் வைத்துக் கணினியில் உருவாக்கிய தட்டையான நிறமாலை ஒன்றை அதே மென்பொருளில் மூன்று முறை அடுத்தடுத்து மென்மையாக்கச் சொன்னேன். வடிகட்டியின் அகலத்துக்குச் சமமான மேடுகள் வரிசையாக முளைத்தன, ஒவ்வொன்றும் பார்க்க உச்சம் போலவே இருந்தது.

மென்மையாக்கல் எப்போதும் தீங்கு என்று சொல்லமாட்டேன். எங்கள் டிடெக்டரின் பகுதிறன் (அருகருகே உள்ள ஆற்றல்களைப் பிரித்துக்காட்டும் திறன்) 662-இல் சுமார் 7 விழுக்காடு, அதாவது உச்சத்தின் அரையுயர அகலம் ஏறத்தாழ 46 கி.எ.வோ., 15 சேனல். இதில் ஐந்து சேனல் எளிய சராசரியைப் போட்டால்கூட அகலம் 15.4 ஆகத்தான் கூடும். உச்சம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடுவதற்கு அது உதவும். அதே பொத்தானை, உச்சங்களை மிகக் குறுகலாகக் காட்டும் ஜெர்மானியம் டிடெக்டரின் நிறமாலையில் அழுத்தினால், மூன்று சேனல் அகலமுள்ள உச்சம் நாலரைச் சேனலாகப் பருத்து, பக்கத்து உச்சத்தோடு ஒட்டிக்கொள்ளும். நிறமாலையைப் பல அகலமுள்ள அலைத்துண்டுகளாகப் பிரித்துச் சிறியவற்றை நீக்கும் வேவ்லெட் முறைகள் இதைவிட நுட்பமானவை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தடுமாற்றம் எல்லா இடத்திலும் ஒரே அளவு என்று கருதுபவை. நம் நிறமாலையிலோ குறைந்த ஆற்றல் பக்கம் ஆயிரக்கணக்கிலும் 2,614 பக்கம் ஒற்றை இலக்கத்திலும் எண்ணிக்கை விழுகிறது. முன்கூட்டியே வர்க்கமூல உருமாற்றம் செய்து தடுமாற்றத்தைச் சமப்படுத்தாமல் அதைப் பயன்படுத்தக்கூடாது. நரம்பணு வலையமைப்புகளைப் பயிற்றுவித்து இரைச்சலை நீக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். பயிற்சியில் சீசியம் உச்சத்தை ஆயிரம் முறை பார்த்த நிரல், சந்தேகமான இடத்தில் அதையே வரைந்து காட்டும். 'இருக்கிறதா இல்லையா' என்பதே கேள்வியாக இருக்கும்போது அப்படிப்பட்ட உதவியாளரை நான் வைத்துக்கொள்ளமாட்டேன்.

இரண்டாவது யோசனை, நேரத்தை நீட்டுவது. இதற்கும் காசு வேண்டாம். இது உண்மையிலேயே சான்றைக் கூட்டவும் செய்கிறது. ஒரு கணக்குக்காக, சீசியம் சாளரத்தில், அதாவது 662-ஐச் சுற்றியுள்ள சேனல்களில், மாதிரியை வைத்து ஒரு மணி நேரத்தில் 10,000 எண்ணிக்கையும், வெற்று டப்பாவை வைத்து அதே நேரத்தில் 9,700-உம் விழுவதாகக் கொள்வோம். வித்தியாசம் 300. இரண்டு அளவீடுகளின் தடுமாற்றமும் சேர்வதால் பிழை 19,700-இன் வர்க்கமூலம், அதாவது 140. வித்தியாசம் பிழையைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றே மேல். இதை வைத்துச் சீசியம் உண்டு என்று சொல்லமுடியாது. லாயிட் கர்ரி 1968-இல் தந்த சூத்திரப்படி கண்டறி வரம்பு (நம்பிக் கண்டுபிடிக்கக்கூடிய மிகக் குறைந்த எண்ணிக்கை), பின்னணியின் வர்க்கமூலத்தை 4.65-ஆல் பெருக்கி 2.71 கூட்டினால் வருவது. இங்கே அது 461. நம் 300 அதற்குக் கீழே. நான்கு மணி நேரம் எண்ணினால் வித்தியாசம் 1,200, பிழை 281. விகிதம் இரட்டித்து 4.3 ஆகிறது. அதை மீண்டும் இரட்டிக்க 16 மணி நேரம் வேண்டும். அதற்கும் மேல் இரட்டிக்க 64 மணி நேரம். ஒரு சேற்றுத் தூணில் இருபது அடுக்குகள் இருந்தால் ஒரு பருவமே போய்விடும். வெற்று டப்பாவுக்கும் அதே நேரம் கொடுக்கவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கழித்தல் பின்னணியை நீக்குமே தவிர, பின்னணியின் தடுமாற்றத்தைக் கூட்டத்தான் செய்யும்.

நீண்ட எண்ணலின் உண்மையான பகை எங்கள் ஊரில் வெப்பநிலைதான். முதன்முறை இரவு முழுக்க ஒரு மணல் மாதிரியை ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தபோது, பொட்டாசியத்தின் 1,461 உச்சம் வழக்கத்தைவிட அகலமாக, இரண்டு தலை போலத் தெரிந்தது. இரவு எட்டு மணிக்குக் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுப் போவது கட்டடத்தின் வழக்கம். அறை மெல்லச் சூடேற, படிகத்தின் ஒளியும் ஒளிப்பெருக்கிக் குழாயின் பெருக்கமும் குறைந்து, 487-ஆம் சேனலில் இருந்த உச்சம் விடியும்போது 479-இல் நின்றது. எட்டுச் சேனல் என்றால் அங்கே 24 கி.எ.வோ. அதே விகிதத்தில் 662 உச்சம் சுமார் 11 கி.எ.வோ. நகர்ந்திருக்கும், சரிவில் ஒட்டியிருக்கும் சிறு மேட்டுக்கு அது மரண அடி. இதற்கான மருந்து மலிவானது. ஒரே நீண்ட நிறமாலையாக எடுக்காமல், மணிக்கு ஒன்றாகச் சேமித்து, ஒவ்வொன்றிலும் 1,461 எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சேனல் அளவைத் திருத்திய பிறகே கூட்டவேண்டும். மின்சாரம் நின்று வந்தால் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் தள்ளிவிட முடிகிறது என்பது கூடுதல் ஆதாயம். எந்த யோசனையைத் தேர்ந்தாலும் இதை முதலில் செய்யவேண்டும் என்பதில் எங்களுக்குள் வேறுபாடு இருக்கவில்லை.

மூன்றாவது யோசனை ஈயம். மேலே போட்ட கணக்கில் மற்ற எதையும் மாற்றாமல், வெளிப் பின்னணி பத்தில் ஒன்றாகக் குறைந்ததாகக் கொண்டால், வெற்று டப்பாவில் 970, மாதிரியில் 1,270. வித்தியாசம் அதே 300, பிழை 47. ஒரே மணி நேரத்தில் விகிதம் 6.3 ஆகிவிடுகிறது, கண்டறி வரம்பு 148-க்கு இறங்குகிறது. கவசமில்லாமல் இதே தெளிவைப் பெற ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் எண்ணவேண்டியிருக்கும். இருபது அடுக்குகளுக்கு இந்த வித்தியாசம் என்ன ஆகும் என்று கணக்கிட்டபோதுதான் குழுவில் பலர் ஈயத்தின் பக்கம் சாய்ந்தனர்.

எத்தனை தடிமன் என்பது அடுத்த வாதம். 5 செ.மீ. ஈயம் 662-ஐ ஏறக்குறைய முழுவதுமே தடுத்துவிடும். ஆனால் சுவரின் பொட்டாசியம் அனுப்பும் 1,461-இல் சுமார் இருபதில் ஒரு பங்கும், 2,614-இல் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்கும் சிதறாமலேயே ஊடுருவும். அவை உள்ளே வந்து படிகத்தில் காம்ப்டன் சிதறலால், அதாவது எலக்ட்ரானில் மோதித் திசைமாறி, ஆற்றலின் ஒரு பகுதியை மட்டும் விட்டுச்செல்லும்போதுதான் 662-இன் அடியில் பின்னணி குவிகிறது. 10 செ.மீ. என்றால் இந்தக் கசிவு நூற்றிலொன்றுக்கும் கீழே போகும். எடைதான் தடை. உள்விட்டம் 15 செ.மீ., உயரம் 30 செ.மீ. உள்ள உருளைக்கு, மேல்மூடியும் அடித்தட்டும் சேர்த்து, 5 செ.மீ. தடிமனுக்குச் சுமார் 160 கிலோவும் 10 செ.மீ. தடிமனுக்குச் சுமார் 485 கிலோவும் வேண்டும். இரண்டாவது எடையை எங்கள் மாடி ஆய்வகத்தின் மரமேசை தாங்காது. கீழ்த்தளத்தில் இரும்புச் சட்டம் அடித்தாகவேண்டும்.

ஈயத்துக்கு நாங்கள் தொலைவில் தேடவேண்டியதில்லை என்று ஒருவர் சொன்னது பாதி வேடிக்கை, பாதி உண்மை. வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு இராமேசுவரத்திலும் பாம்பனிலும் கிலோ கணக்கில் விற்கிறது. ஆனால் குண்டுகளைக் கொட்டி நிரப்பினால் இடுக்கு வழியாகக் கதிர் ஒழுகும். உருக்கிச் செங்கலாக வார்க்கவேண்டும், அந்தப் புகையை மாணவர்கள் சுவாசிக்க நான் விடமாட்டேன். வார்த்த செங்கல்களை வாங்குபவர்களும் நேர்கோட்டில் அடுக்காமல், ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் நடுவில் வரும்படி கொத்தனார் அடுக்குவதுபோல அடுக்கவேண்டும். ஈயத்துக்குள்ளேயே ஈயம்-210 கொஞ்சம் இருக்கும். அதன் அரைவாழ்வு 22 ஆண்டுகள் என்பதால் பழைய ஈயத்துக்கு மதிப்பு அதிகம், கடலில் மூழ்கிய பழங்காலக் கப்பல்களின் ஈயத்தை மிக நுண்ணிய ஆய்வுகளுக்கு எடுத்துப் பயன்படுத்தியதும் உண்டு. எங்கள் நிலைக்கு அது தேவையில்லை. தேவைப்படுவது, ஈயம் தானே வெளியிடும் 70 முதல் 90 கி.எ.வோ. வரையிலான எக்ஸ் கதிர்களை மறிக்க உட்புறம் ஒட்டும் மெல்லிய செப்புத் தகடு. அதுவும் குறைந்த ஆற்றல் உச்சங்களைப் பார்ப்பவர்களுக்குத்தான்.

கவசத்தால் தீராத பின்னணி ஒன்று உண்டு. அது கவசத்துக்குள் காற்றோடு காற்றாக நுழையும் ரேடான். கடலின் மேலிருந்து வரும் காற்றில் ரேடான் குறைவு, நிலத்தின் மேல் கிடந்துவிட்டு வரும் காற்றில் அதிகம்; ஆகையால் பகலில் கடற்காற்று வீசும்போது எடுத்த வெற்று அளவீட்டை, இரவில் நிலக்காற்றில் எடுத்த மாதிரியிலிருந்து கழித்தால் 609 உச்சத்தில் பொய்யான மிச்சம் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் வெளிப்படை. மழைத்துளி, காற்றிலுள்ள ரேடான் சிதைந்து பிறக்கும் சேய்க்கூறுகளை வாரிக்கொண்டு தரையிலும் கூரையிலும் இறக்கும். ஈயம்-214-க்கு 27 நிமிடமும் பிஸ்மத்-214-க்கு 20 நிமிடமும் அரைவாழ்வு என்பதால், மழை ஓய்ந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் பின்னணி பழைய நிலைக்குத் திரும்பும். இடைவெளியில்லாமல் மாதிரி ஒரு மணி நேரம், வெற்று ஒரு மணி நேரம் என்று மாற்றி மாற்றி எடுப்பது கவசத்தோடு சேர்த்துச் செய்யவேண்டிய வேலை. மழை பெய்த நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதுவதும் அதில் சேரும். மாதிரி டப்பாவை இறுக மூடி நான்கு வாரம் வைத்துவிட்டு எண்ணும் வழக்கம் ரேடியத்துக்கும் அதன் சேய்களுக்கும் சமநிலை வருவதற்காக. மூடியின் ரப்பர் கசிந்தால் அந்த நான்கு வாரமும் வீண்.

இதுவரை ஈயம் வெற்றிபெறுவதுபோலத் தோன்றும். பாசி மாதிரியை வைத்தவுடன் கணக்கு தலைகீழாகிறது. இயற்கைப் பொட்டாசியம் ஒரு கிராமுக்குச் சுமார் 31 பெக்கரல், அதாவது நொடிக்கு 31 சிதைவு. உலர்ந்த பாசியின் எடையில் பத்தில் ஒரு பங்கு பொட்டாசியம் என்று ஒரு கணக்குக்கு வைத்தால், கிலோவுக்கு 3,100 பெக்கரல், அவற்றில் 10.7 விழுக்காட்டுச் சிதைவுகள்தான் 1,461 காமாவைத் தரும் என்றாலும், நொடிக்கு 330 காமா கவசத்துக்கு உள்ளேயே பிறக்கிறது. அவற்றின் காம்ப்டன் சிதறல் 1,243 வரை ஒரு நீண்ட மேசைபோலப் பரவி, 662-ஐ முழுவதும் மூழ்கடிக்கும். கிலோவுக்கு ஒரு பெக்கரல் சீசியம் அதில் இருந்தாலும் நொடிக்கு 0.85 காமாதான். அரை டன் ஈயத்தை அடுக்கினாலும் இந்தப் பின்னணி அசையாது, ஏனென்றால் அது மாதிரியோடு கூடவே உள்ளே வருகிறது. பாசியில் பொட்டாசியத்தை மட்டும் அளக்க வேண்டுமென்றால் இருக்கிற கருவியே போதும், அரை மணி நேரமே அதிகம். பாசியில் சீசியம் தேடவேண்டுமென்றால் எங்கள் டிடெக்டரை வைத்துக்கொண்டு முயல்வதே வீண்.

அங்கேதான் நான்காவது யோசனை, ஜெர்மானியம், பொருத்தமாகிறது. அதன் பகுதிறன் 662-இல் சுமார் ஒன்றரை கி.எ.வோ.; எங்கள் 46-ஓடு ஒப்பிட்டால் முப்பதில் ஒரு பங்கு அகலம். உச்சத்தின் அடியில் அடங்கும் பின்னணியும் அந்த விகிதத்தில் குறைகிறது. அதன் திறனை, அதாவது வரும் காமாக்களில் எவ்வளவைப் பிடிக்கிறது என்பதை, எங்களுடையதைப் போன்ற மூன்று அங்குலப் படிகத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்வது வழக்கம். 30 விழுக்காடு திறனுள்ள ஒன்றை எடுத்துக்கொண்டால், குறைந்த திறனையும் குறுகிய உச்சத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, அதே நேரத்தில் சான்றின் வலு தோராயமாக மூன்று மடங்கு, அதாவது ஒன்பது மடங்கு நேரத்துக்குச் சமம். எண்ணில் பார்த்தால் ஈயக் கவசம் தந்த ஆதாயமும் ஏறக்குறைய இதேதான் என்பது எனக்கே வியப்பாக இருந்தது. ஆனால் ஜெர்மானியம் தரும் ஆதாயம் மாதிரிக்குள் பிறக்கும் பின்னணிக்கும் பொருந்தும். மேலும் 609-உம் 662-உம் அதில் இரண்டு தனி ஊசிகளாக நிற்பதால், மேடு யாருடையது என்ற வாதத்துக்கே இடமில்லை.

வாங்குவது எங்கள் கைக்கு மீறியது. வாங்கினாலும் பராமரிப்பது அதைவிடக் கடினம். ஜெர்மானியத்தை −196 பாகை செல்சியசில் இருக்கும் திரவ நைட்ரஜனால் குளிரவைத்துக்கொண்டே இருக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் திரவ நைட்ரஜன் குடுவையை அன்றாடம் பார்ப்பவர்கள், மாடுகளுக்குச் சினையூசி போடும் கால்நடை மருந்தகத்தார்தான்; அவர்களிடம் வாரந்தோறும் போய் நிற்கமுடியாது. மின்குளிர்ப்பி வைத்த வகையில் அந்தத் தொல்லை இல்லை என்றாலும், மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில் குளிர்வதும் சூடேறுவதுமாக இருப்பது டிடெக்டருக்கு நல்லதல்ல. எனவே எங்களைப் பொறுத்தவரை ஜெர்மானியம் என்றால், அது உள்ள ஒரு பெரிய ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்பிவிட்டு வரிசையில் காத்திருப்பது என்றே பொருள்.

விவாதத்தின் கடைசியில் வந்த ஐந்தாவது வழி, என் கருத்தில், முதலிலேயே வந்திருக்கவேண்டியது. மென்பொருளைப் பயன்படுத்துவதென்றால், இரைச்சலை அழகுபடுத்துவதற்குப் பதிலாக, நிறமாலை முழுவதையும் ஒரே கணக்கில் பொருத்துவது. பன்னாட்டு அணுசக்தி முகமையின் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் தரமாதிரிகளை எங்கள் டப்பாவின் வடிவிலேயே அடைத்து எண்ணி, ஒவ்வொன்றின் நிறமாலையையும் வார்ப்புருவாக வைத்துக்கொள்கிறோம். அவற்றோடு சீசியம், வெற்று டப்பா ஆகிய இரண்டின் வார்ப்புருக்களையும் சேர்த்து, எதை எவ்வளவு கூட்டினால் மாதிரியின் நிறமாலை வரும் என்று கணிக்கிறோம். 609 உச்சம் எவ்வளவு உயரமாக இருக்கவேண்டும் என்பதை அதே பிஸ்மத்-214 இன் 1,764 உச்சம் கட்டிப்போடுகிறது. தாலியம்-208 இன் 583-ஐ அதன் 2,614 கட்டிப்போடுகிறது. மீந்து நிற்பது மட்டுமே சீசியத்தின் கணக்கில் ஏறுகிறது. தனி உச்சத்தில் விழுந்த சில நூறு எண்ணிக்கைக்குப் பதிலாக, விழுந்த ஒவ்வொரு எண்ணிக்கையும் சான்றாகிறது. எண்ணிக்கை குறைவான சேனல்களில் வழக்கமான மீச்சிறு வர்க்கப் பொருத்தல் பரப்பைக் குறைத்துக் காட்டும் என்பதால், தற்செயலாக விழும் எண்ணிக்கைக்குரிய பாய்சான் நிகழ்தகவை நேரடியாகப் பயன்படுத்தும் பொருத்தலே இதற்கு ஏற்றது. பொருத்துவதற்கு முன் மென்மையாக்கவே கூடாது. உச்சம் ஒரு சேனல் நகர்ந்தாலும் வார்ப்புரு பொருந்தாது. மணிக்கு ஒரு நிறமாலை என்ற ஒழுங்கு இல்லாமல் இந்த வழி நடக்காது.

இப்படிப் பார்த்தபின் எடுத்த முடிவு ஒரே வழியாக அமையவில்லை. தொகையில் பெரும்பகுதியை 5 செ.மீ. ஈயச் செங்கல்லுக்கு ஒதுக்கினோம், 10 செ.மீ. வேண்டும் என்று கடைசிவரை நின்றவன் நான்தான், மாடித்தளத்தின் தாங்குதிறன் குறித்துப் பொறியாளர் சொன்னதும் விட்டுக்கொடுத்தேன். குளிர்சாதனத்தை இரவிலும் ஓடவிட எழுத்து மூலம் அனுமதி வாங்கினோம்; ஈயத்தைவிட இதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. மணல் மாதிரிகள் எல்லாம் இனி முழு நிறமாலைப் பொருத்தலில் போகும். பாசியில் பொட்டாசியம் மட்டும் அளப்போம், சீசியத்தைத் தேடமாட்டோம்.

காரங்காட்டுச் சேற்றில் எல்லா அடுக்குகளையும் இங்கே நான்கு மணி நேரம் வீதம் எண்ணி, சீசியம் மிகுந்திருக்கலாம் என்று பொருத்தல் காட்டும் நான்கு அடுக்குகளையும், அவற்றுக்கு மேலும் கீழும் ஒவ்வொன்றையும் ஜெர்மானியத்துக்கு அனுப்புவதாக ஏற்பாடு. முதல் டப்பாக்களைச் சென்ற வாரம் மூடி வைத்திருக்கிறோம். மூடியின் விளிம்பில் மெழுகு தடவி, தேதியும் அன்றைய எடையும் எழுதியிருக்கிறது. நான்கு வாரம் கழித்து எடை மாறியிருந்தால் அந்த டப்பாவைத் திறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும்.